ஸ்ட்ரெச்சரில் ஒரு தவளை



எந்த அரங்கத்துக்குப் போனாலும் அவசர வழி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவேன். பல வருடங்களாகப் பேரிடர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒட்டிக்கொண்ட புத்தி அது. இங்கேயும் தேடினேன். உங்கள் இடப்பக்கம், அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே இருக்கிறது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, நாற்காலிகளுக்கும் ஓர் இடம் வேண்டும்தானே. அவற்றிடம் பிறகு வருகிறேன்.

பேரிடரும் கலையும் என்றால் நமக்கு நினைவுத் தூண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். நடந்து முடிந்ததற்கு எழுப்பப்படுபவை அவை. நான் பேச வந்தது இன்னும் நடக்காததற்காகச் செய்யப்படும் கலையைப் பற்றி. அதிலும் தள்ளி நின்று பார்க்கிற கலை இல்லை. பார்க்க வந்தவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்து 'நில்லுங்கள் வரிசையில்' என்று சொல்லிவிடுகிற கலை.

அதற்கு முன் அதன் பங்காளியைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 'பிரெப்பர்' என்று ஒரு கூட்டம் உண்டு. உலகம் குலையப்போகிறது என்று நம்பி, அன்றைக்குப் பிழைத்திருக்க இன்றே ஆயத்தம் செய்பவர்கள். அவர்களுடைய அடையாளப் பொருள் ஒரு முதுகுப்பை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய தண்ணீர், உணவு, கத்தி, விளக்கு, மருந்து எல்லாம் அதில் இருக்கும். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மாடியில் உட்கார்ந்திருந்த எவரும் அந்தப் பையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் பை வளர்ந்துகொண்டே போகிறது. கான்சாஸ் மாநிலத்தில் பனிப்போர்க் காலத்து அட்லஸ் ஏவுகணைக்காகத் தோண்டிய ஒரு பாதாளக் குழியை லாரி ஹால் என்பவர் விலைக்கு வாங்கினார். பூமிக்குள் பதினைந்து தளம் இறக்கி, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றினார். அரைத் தளத்தை 15 லட்சம் டாலருக்கும் முழுத் தளத்தை 30 லட்சத்துக்கும் விற்றார். நீச்சல்குளம் உண்டு. திரையரங்கு உண்டு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெளிக்காட்சி காட்டும் திரைகள். வாசலில் ஆயுதத்துடன் காவல். உலகம் அழிந்தாலும் நாயை நடத்திக் கூட்டிப்போக உள்ளேயே ஒரு பூங்காவும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காவல்காரன் யாருக்காக நிற்கிறான்? அணுகுண்டையோ வெள்ளத்தையோ அவன் தடுக்க முடியாது. அவன் தடுக்கப்போவது பக்கத்து ஊர்க்காரனை.

இது புது மனநிலையும் இல்லை. 1961-இல் கென்னடி அணுக்கதிர்க் காப்பறைகளைப் பற்றிப் பேசியபோது, அமெரிக்கர்கள் பலர் வீட்டு நிலவறையில் கான்கிரீட் அறை கட்டத் தொடங்கினார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது: குண்டு விழுந்த அன்று அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? 'அமெரிக்கா' என்ற கத்தோலிக்க இதழில் மெக்ஹ்யூ என்ற ஜேசு சபைப் பாதிரியார் ஒரு கட்டுரை எழுதினார். கதவை உடைத்து நுழைய வருபவர்களைப் பலம் கொண்டு விரட்டுவது பாவமாகாது என்பது அதன் சாரம். அணுகுண்டு இன்னும் விழவில்லை. அண்டை வீட்டுக்காரர் அதற்குள் எதிரியாகிவிட்டார்.

இந்த இடத்தில் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் சொன்னது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் அவர்கள் வீட்டு வளவிலும் பங்கர் இருந்தது. பனங்குற்றிகளை மேலே அடுக்கி மண் மூட்டை போட்டு மூடியது. விமானச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஒழுங்கையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவர் அவர்களுக்கு முன்னமே உள்ளே குந்தியிருப்பாராம். 'எங்கட பங்கருக்குக் கதவே இல்லையடா' என்றார். கான்சாஸ் குழியின் கதவையும் இந்தக் கதவில்லாத குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டும்.

1995 ஜனவரி 17, அதிகாலை 5:46. கோபே நகரமும் அவாஜி தீவும் குலுங்கின. இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலானோர் தங்கள் சொந்த வீட்டுக்கு அடியில் நசுங்கி இறந்தார்கள். இடிபாடுகளில் சிக்கி, தாமாக வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் சுமார் 35,000 பேர் என்று பிறகு மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 27,000 பேரை வெளியே இழுத்துப்போட்டது யார்? தீயணைப்புப் படையும் இல்லை, ராணுவமும் இல்லை. வீட்டார், எதிர்வீட்டார், தெருக்கோடிக் கடைக்காரர். கையில் கிடைத்தது கார் ஜாக்கி, ரம்பம், கடப்பாரை.

அவாஜி தீவில் ஹொகுதான் என்று ஒரு சிற்றூர். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் சிக்கியவர்கள் எல்லோரையும் அன்று பகலுக்குள்ளேயே தோண்டி எடுத்துவிட்டார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. எந்த வீட்டில் எந்தக் கிழவி எந்த அறையில் பாய் விரித்துப் படுப்பாள் என்று ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தெரியும். நேராக அந்த இடத்தில் போய்த் தோண்டினார்கள். நகரத்தில் அது தெரியாததால் குவியல் குவியலாகத் தேட வேண்டியிருந்தது.

எந்த முதுகுப்பையிலும் வைக்க முடியாத பொருள் இது. கடையிலும் விற்பதில்லை. பிறகு எப்படிச் சேர்ப்பது?

பத்து வருடம் கழித்து, 2005-இல், அந்த நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டு நினைவை ஒட்டி கோபேயில் இந்தக் கேள்வியை ஒருவர் கையில் எடுத்தார். பெயர் ஹிரோகாசு நகாதா. நிகழ்ச்சிகளை வடிவமைப்பவர். நடுக்கத்தில் தப்பிய 167 பேரிடம் அவருடைய குழு பேசிக் கேட்டது: அன்றைக்கு எது உதவியது, எது உதவவில்லை? கிடைத்த பதில்கள் வீரகாவியம் இல்லை. பாட்டி வைத்தியம் போல இருந்தன. தண்ணீர் இல்லாதபோது தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துச் சாப்பிட்டுவிட்டுத் தாளை மட்டும் எறிவது. செய்தித்தாளை மடித்து உணவுக் கிண்ணம் செய்வது. போர்வையையே ஸ்ட்ரெச்சராக்குவது. (தட்டின் மேல் தாள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாழையிலை என்ற தொழில்நுட்பத்தை நாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம்.)

இதையெல்லாம் மக்களிடம் சேர்க்க வேண்டும். ஆனால் ஜப்பானில் பேரிடர் ஒத்திகை என்பது நம் பள்ளிகளில் கொடியேற்றம் போல ஆகிவிட்டிருந்தது. வருடா வருடம் வரிசையாக வந்து நிற்பார்கள், அதிகாரி பேசுவார், கலைந்து போவார்கள். வருவதும் பெரும்பாலும் முதியவர்கள்தான். குழந்தை இருக்கிற இளம் தம்பதிகள் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

அப்போது ஹிரோஷி ஃபூஜி என்ற கலைஞர் 'காயெக்கோ' என்று ஒரு விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வீட்டில் சலித்துப்போன பொம்மையைக் கொண்டு வருவார்கள். அதற்கு ஈடாகப் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து வேறொரு பிள்ளை கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொள்ளலாம். புள்ளி போதாவிட்டால் அங்கே ஏதாவது வேலை செய்து சம்பாதிக்கலாம். சந்தை முழுவதையும் பிள்ளைகளே நடத்துவார்கள். சிற்பம் செய்வது போல ஒரு சூழலைச் செய்து வைத்துவிட்டுக் கலைஞர் ஒதுங்கி நின்றுகொள்வார்.

நகாதா அந்தச் சந்தைக்குள் பேரிடர்ப் பயிற்சியை நுழைத்தார். பொம்மை வாங்கப் புள்ளி வேண்டுமா? வாளி வரிசையில் நில். பெயர் 'இசா! காயெரு கேரவன்!'. ஜப்பானிய மொழியில் காயெரு என்றால் தவளை. அதே ஒலிக்கு 'மாற்றிக்கொள்வது' என்றும் பொருள், 'வீடு திரும்புவது' என்றும் பொருள். சிலேடை நமக்குப் புதிதில்லை; காளமேகத்தைக் கையில் வைத்திருக்கும் ஊர்தானே நாம். ஒரு தவளைப் படத்துக்குள் சந்தையும் பிழைப்பும் வீடும் அடங்கிவிட்டன.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு மைதானம். தண்ணீர் நிரப்பிய தீயணைப்பானை எடுத்து இலக்கைக் குறிபார்த்து அடிக்கிறாள் ஏழு வயதுப் பெண். தீயணைப்பானின் ஊசியை எப்படிப் பிடுங்குவது என்று அவள் அப்பாவுக்கு அன்று வரை தெரியாது. கல்யாண மண்டபங்களில் சிவப்பாகத் தொங்கும் அதை எடுத்து இயக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொரு பக்கம் இரண்டு அணிகள் வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுகின்றன. அடுத்த இடத்தில் ஒரு போர்வை, அதன் மேல் பெரிய தவளைப் பொம்மை. போர்வையின் ஓரங்களை இறுகச் சுருட்டிப் பிடித்து, தவளை கீழே விழாமல் எல்லைக்கோடு வரை ஓட வேண்டும். நேரம் குறிக்கிறார்கள். இன்னும் ஓரிடத்தில் கார் ஜாக்கியை வைத்து, கனமான பாரத்துக்கு அடியில் சிக்கியவரை விடுவிக்கும் போட்டி. அந்த ஜாக்கி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே இப்போது தெரியும். 27,000 பேரின் கதையிலிருந்து வந்தது. தவளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதில்லை. போர்வையின் ஓரத்தைச் சுருட்டினால்தான் கை நழுவாது என்பது அவள் விரலுக்குத் தெரிந்தால் போதும்.

எனக்கு இதில் பிடித்தது பயமில்லாமை. பிரெப்பர் கலாசாரத்தின் எரிபொருளே பயம்தான். பயம் பொருளை வாங்க வைக்கும். பழக்கத்தை அது உண்டாக்காது. நகாதாவின் குழு 2007-இல் தயாரித்த கையேட்டின் பெயரிலேயே 'இட்சுமோ' என்ற சொல் இருக்கிறது. 'எப்போதும்' என்று பொருள். 'மொஷிமோ', அதாவது 'ஒருவேளை வந்தால்' என்ற சொல்லுக்கு எதிராக வைத்தது. ஒருவேளைக்காகத் தனியாக ஒன்றும் சேர்க்காதே, எப்போதும் செய்கிறதிலேயே அதைக் கலந்துவிடு என்கிறார்கள். இந்தக் கேரவன் பிறகு ஜப்பான் முழுக்கச் சுற்றி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நேபாளம் என்று கடல் தாண்டியும் போனது.

அவர்களிடம் 'கெளுத்திமீன் பள்ளிக்கூடம்' என்ற பொருளில் ஒரு சீட்டு விளையாட்டும் உண்டு. பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி படுத்திருக்கிறது, அது வாலை ஆட்டினால் நிலம் நடுங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. 1855-இல் எடோ நகரம், இன்றைய தோக்கியோ, பெரும் நடுக்கத்தில் சிதைந்தபோது, சில நாட்களுக்குள் தெருவெங்கும் கெளுத்திப் படங்கள் மரக்கட்டை அச்சில் வந்து விற்றுத் தீர்ந்தன. அரசு அனுமதி இல்லாத படங்கள். சில படங்களில் மக்கள் சேர்ந்து கெளுத்தியை அடிக்கிறார்கள். சிலவற்றில் தச்சனும் கொத்தனும் கெளுத்தியோடு உட்கார்ந்து குடிக்கிறார்கள். வீடு இடிந்தால் அவர்களுக்குத்தானே வேலை! பணக்காரன் பதுக்கிய காசை கெளுத்தி கக்க வைக்கும் படமும் உண்டு. பேரிடரால் யார் பிழைக்கிறார்கள், யார் கொழிக்கிறார்கள் என்பதை அந்தத் தெருப்படங்கள் அன்றைக்கே கேட்டுவிட்டன. தவளைக் கேரவனில் அந்தக் கேள்வி கொஞ்சம் காணாமல் போய்விட்டது என்பது என் குறை.

அந்தக் குறையைச் சொல்லாமல் போனால் நான் கேரவனுக்கு விளம்பரம் செய்தவன் ஆகிவிடுவேன். கோபேயில் அதிகம் விழுந்தவை கனமான ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள். ஜப்பானின் கட்டட விதிகள் 1981-இல் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன் கட்டியவைதான் பெருமளவில் சாய்ந்தன. அந்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியற்றவர்கள், முதியவர்கள். வாளி வரிசையால் ஒரு சுவரையும் பலப்படுத்த முடியாது. 'அண்டை வீட்டார் காப்பாற்றுவார்கள்' என்பதை அரசாங்கம் மிகவும் ஆசையாகக் கேட்டுக்கொள்ளும், ஏனென்றால் அதற்குச் செலவு இல்லை.

ஒத்திகையே பொய்யாக இருந்த காலமும் உண்டு. 1955 ஜூன் 15-இல் அமெரிக்கா முழுவதும் அணுகுண்டு ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியதும் நியூயார்க் தெருக்களில் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும், சட்டம். டொரத்தி டே என்ற அமைதிப் போராளி முதலான சிலர் நகர மன்றப் பூங்காவில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அணுகுண்டிலிருந்து பதுங்கித் தப்பலாம் என்று நடிக்க மாட்டோம் என்றார்கள். கைதானார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்தார்கள். கூட்டம் ஆயிரங்களைத் தொட்டது. 1961-க்குப் பிறகு அந்த ஒத்திகையே நின்றுபோனது. பங்கேற்க மறுப்பதும் ஒரு பங்கேற்புதான். கலை வரலாற்றில் இதைச் சேர்ப்பார்களா தெரியாது, நான் சேர்ப்பேன்.

அதே நியூயார்க்கில் 2007-இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர், விளையாட்டுத் திடலில் கோடு போடும் வண்டியில் நீலச் சுண்ணப்பொடியை நிரப்பி, கடல்மட்டத்திலிருந்து பத்தடி உயரத்தில் வரும் எல்லையைத் தெருத்தெருவாக வரைந்துகொண்டே போனார். புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலும் சுமார் 70 மைல். வழியில் நின்று கேட்டவர்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்: பெரும் புயல் வந்தால் தண்ணீர் இதுவரை வரும், பருவநிலை மாற்றத்தால் அது இனி அடிக்கடி வரும். சிலர் வீட்டுப் படிக்கட்டைத் தாண்டிக் கோடு போனது. மழை பெய்ததும் சுண்ணம் கரைந்துவிட்டது. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் வந்தபோது, பல இடங்களில் அவர் கோடு போட்ட இடம் வரை தண்ணீர் வந்து நின்றது, சில இடங்களில் தாண்டியும் போனது. பிற்பாடு மயாமியிலும் பிரிஸ்டலிலும் அந்த வண்டியை ஊர்மக்களே தள்ளினார்கள்.

அடுத்தது ஆஸ்திரேலியா. மெல்போர்ன் நகரின் வட மெல்போர்ன் பகுதியில் ஒரு பழைய டவுன் ஹால், ஆர்ட்ஸ் ஹவுஸ் என்ற கலையரங்காக இயங்குகிறது. பேரிடர் வந்தால் நிவாரண முகாமாக மாற வேண்டிய கட்டடமும் அதுதான். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. 2016 முதல் அங்கே 'ரெஃப்யூஜ்' என்று ஒரு தொடர் நடந்தது. கலைஞர்கள், செஞ்சிலுவைச் சங்கம், மாநில அவசரப் பணியாளர்கள், அக்கம்பக்கத்து மக்கள் சேர்ந்து கட்டடத்தை முகாமாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் வெள்ளம். அடுத்து வெப்ப அலை. 2018-இல் எடுத்துக்கொண்டது கொள்ளைநோய்.

கேட்டதும் மெய்சிலிர்க்கிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். 2020 ஜூலை 4. கொரோனா. அதே வட மெல்போர்னிலும் பக்கத்து ஃப்ளெமிங்டனிலும் உள்ள ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களை மாநில அரசு முன்னறிவிப்பின்றிப் பூட்டியது. சுமார் 3,000 பேர், பலர் அகதிகளாக வந்து குடியேறியவர்கள். கீழே போலீஸ். சாப்பாடும் மருந்தும் சரியாக வந்து சேரவில்லை. எட்டுக் கோபுரங்கள் ஐந்து நாளில் திறந்தன. ஒன்று இரண்டு வாரம் பூட்டியே கிடந்தது. உடனடியாக அடைத்தது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று மாநிலத்தின் குறைகேள் அதிகாரி அந்த டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்துபோகும் தூரத்தில் கொள்ளைநோய் ஒத்திகை நடந்திருக்கிறது! கலைஞர்கள் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒத்திகையில் நின்ற அதிகாரி கற்றுக்கொள்ளவும் செய்யலாம், கற்றுக்கொண்டது அவருக்கு மேல் இருப்பவரின் மேசை வரை போகாமலும் இருக்கலாம். கோபுரத்துக்குள் அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்ததும் செய்தி சொன்னதும் அரிசி ஏற்பாடு செய்ததும் அங்கே குடியிருந்தவர்களும் அவர்களுடைய சமூகத்து இளைஞர்களும்தான். மறுபடியும் ஹொகுதான் கிராமம். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள்.

நம் கரைக்கு வந்து முடித்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26. சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவு, நடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலை வர அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் போல. மக்கள்தொகை 78,000. இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊரை அழித்திருந்தது. அன்றிலிருந்து கதையிலும் தாலாட்டிலும் 'ஸ்மோங்' என்று ஒரு சொல்லைப் பாட்டிகள் கடத்திக்கொண்டு வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடலும் உள்வாங்கினால், அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு மலைக்கு ஓடு. அவ்வளவுதான். யாரும் நிதி கொடுக்காத, கலைஞர் பெயர் போடாத பங்கேற்புக் கலை அது.

அதே அலை நாகப்பட்டினத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒப்பிடுவதில் ஓரளவு அநியாயம் உண்டு: அங்கே நிலம் எச்சரித்தது, இங்கே அந்த அளவுக்குக் குலுங்கவில்லை, எச்சரித்திருக்க வேண்டிய அரசுகளும் எச்சரிக்கவில்லை. ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடல்கோள் என்ற சொல் நம்மிடம் இருந்தது. சிமெலுக்காரர்களின் 1907 நினைவைவிடப் பல நூற்றாண்டு மூத்த சொல். அதை வைத்து நாம் என்ன செய்தோம்? கடல் கொண்டுபோன நிலத்துக்காகப் பெருமூச்சு விட்டோம், பெருமை பேசினோம், பட்டிமன்றம் வைத்தோம். அவர்கள் சொல்லுக்குள் கால் இருந்தது. நம் சொல்லுக்குள் கண்ணீர் மட்டும் இருந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கேள்விகளுக்கு முன் ஒரு வேலை. இடப்பக்கம் கடைசி வரிசையில் இருக்கும் தம்பி, எழுந்து அந்தக் கதவருகே போங்கள். மற்றவர்கள் கதவிலிருந்து மேடை வரை ஒரு கை நீளத்துக்கு ஒருவராக நின்றுகொள்ளுங்கள். அம்மா, நீங்கள் உட்காருங்கள், எண்ணிக்கொண்டு வாருங்கள், அதுவும் வேண்டியதுதான். நாற்காலி கைக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு என்று கேட்டு வையுங்கள். ம், முதல் நாற்காலி வரட்டும். நான் இந்த மேடையோரம் வாங்கி வைக்கிறேன்.